முரசுமோட்டையில் ஒரு மாரடைப்பு

காலை ஏழு மணி. முரசுமோட்டையில், தன் வீட்டு அறைக்குள் ராஜரத்தினம் இறந்து கிடந்தார். குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, பவுடர் பூசி நேராகக் கிடத்தியிருந்தார்கள். பொலிஸ் வருவதற்கு முன்பே.

இன்ஸ்பெக்டர் முபாறக் குனிந்தபோது பவுடர் வாசம் அடித்தது. அதன் அடியில் மூத்திர நாற்றம் இருந்தது.

மகன் விஜிதரன் மணல் ஏற்றும் டிப்பர் லொறி ஓட்டுபவன். அப்பா விடியக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார், தூக்கி வந்து கிடத்தியதும் நெஞ்சைப் பிடித்துவிட்டது என்றான். பழைய இதய நோயாளி; மாத்திரைகள் மேசையில் இருந்தன. முந்தின இரவு மாமா குசினி அடுப்படிக்கு நடந்து வந்துதான் சாப்பிட்டார் என்றாள் மருமகள் சுமித்திரா.

உடலைப் பரிசோதனைக்கு எடுத்துச் சென்றதும் முபாறக் மெத்தையைத் தூக்கினார். கட்டில் பலகை ஊறிக் கறுத்திருந்தது. சில நாட்களாக அந்த வீட்டில் ரீவிச் சத்தம் தாங்கமுடியவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

பிற்பகல், பிரேத பரிசோதனை செய்த டொக்டர் சுகந்தினி முபாறக்கை அழைத்தார்.

"மாரடைப்புத்தான், இன்ஸ்பெக்டர். இடுப்பெலும்பும் முறிஞ்சிருக்கு."

"அப்ப மகன் சொன்னது சரியோ?"

"இடுப்பில இரத்தம் கட்டின இந்தக் கண்டலைப் பாருங்கோ. இண்டைக்கு விழுந்திருந்தா சிவந்து நீலம் பாரிச்சிருக்கும். இது ஓரமெல்லாம் மஞ்சளாப் போச்சு. விழுந்து நாலைஞ்சு நாள் இருக்கும்."

தாங்கமுடியாத வலியும் பயமும் இதயத்தை ஓயவிடாமல் துரத்தும் என்று அவர் விளக்கினார். துடிப்பு கூடும், இரத்த அழுத்தம் ஏறும். வயதானவரின் அடைபட்ட இரத்தக் குழாய்களால் அந்த வேகத்துக்கு இரத்தம் கொடுக்க முடியாது. வலிக்கு மருந்து கொடுத்து எலும்பைப் பொருத்தியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார்.

முபாறக் சுமித்திராவைத் தனியே இருத்தினார்.

"முறிஞ்ச இடுப்போட ஒருத்தரும் குசினிக்கு நடந்து வரமாட்டினம், பிள்ளை."

அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். ஆற்று மணலைக் களவாக அள்ளக்கூடாது என்று மாமா டிப்பருக்கு முன்னால் நின்றிருக்கிறார். விஜிதரன் பிடித்துத் தள்ளினான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கிழவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், டிப்பரைப் பொலிஸ் பறித்துவிடும். அதனால் அறையைப் பூட்டினான்.

"வலிக்குப் பனடோல் எண்டாலும் குடுத்தனீங்களோ?"

"இவரிட்டைக் கேட்டனான், சேர். வேண்டாம், வலியில களைச்சுப்போனாக் கிழவன் கத்த மாட்டார் எண்டவர்."

"ரீவிச் சத்தத்தைக் கூட்டி வச்சது ஆர்?"

"அவர் சொல்லித்தான், சேர்... நான்தான்." முபாறக் கதிரையைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

விஜிதரன் முற்றத்தில் செத்தவீட்டுப் பந்தல் போட ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். முபாறக் கண்டலின் நிறத்தைச் சொன்னதும் அவன் முகம் இறுகியது.

"நான் கொல்லேல்லை. ஹார்ட்தான் நிண்டது. டொக்டரே சொல்லியிருப்பா."

"ஓம். நிக்கும் வரைக்கும் நீ வெளியால காவல் இருந்தனி."

ஜீப்பில் ஏற்றும்போது, டிப்பரை யார் பார்த்துக்கொள்வது என்று அவன் கேட்டான். முபாறக் முன்னால் ஏறி, கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டார்.