சமவிலக்கு

செவ்வாய்க்கிழமை தோறும் கால்பந்து நடுவர் சகாயராஜ் வியாசர்பாடிக்குப் போய், தேன்மதியின் வலது முழங்காலை அளந்துவிட்டு வருவார். மைதானத்தில் விசில் ஊதுவதைவிட இப்போது நடுவர்களுக்கு இந்த வேலைதான் அதிகம். மூட்டுமானியின் பட்டையை முழங்காலில் சுற்றி, மெல்ல மடக்கி நீட்டச் சொல்வார். இன்னும் ஆறவில்லை என்று திரையில் மஞ்சள் தெரியும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்துகொள்வார்.

வெளியே கிருபா நின்றிருப்பாள். அந்தக் காலை உடைத்தவள் அவள்தான். மழை பெய்த ஒரு லீக் ஆட்டத்தில், பந்து கைமாறிய பிறகும் நிறுத்த முடியாமல் சறுக்கி வந்து, இரண்டு பூட்ஸாலும் தேன்மதியின் முழங்காலில் மோதினாள். சகாயராஜ் சிவப்பு அட்டை காட்டினார். அன்றிலிருந்து அவளும் பந்தைத் தொடவில்லை.

முன்பெல்லாம் காலை உடைத்தவர் சில ஆட்டங்கள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார். உடைபட்டவர் சில சமயம் திரும்பவே மாட்டார். அதனால்தான் சமவிலக்குச் சட்டம் வந்தது. அடிபட்டவர் மறுபடி களம் இறங்கும்வரை அடித்தவரும் இறங்கக்கூடாது. அடிபட்டவர் ஓய்வை அறிவித்தால் அடித்தவருக்கு ஆயுள் தடை. சட்டத்துக்கு ஆதரவாக முதலில் கை தூக்கியவர்களில் சகாயராஜும் ஒருவர். முரட்டு டேக்கிள்கள் ஏறக்குறைய நின்றே போயின. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

கிருபா தினமும் மாலையில் வந்து தேன்மதியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். துணி துவைத்துப் போட்டாள். எப்போது ஆடுவாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே தேன்மதி சாயங்காலங்களில் தூங்குவதுபோல் படுத்துக்கிடந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சகாயராஜ் பட்டையைச் சுற்றுமுன் தேன்மதி அவர் கையைப் பிடித்தாள்.

"பச்சைன்னு போட்டுடுங்க சார்."

"வலி இருக்காம்மா?"

"இருக்கு. போவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவ மூஞ்ச தெனம் பாக்க முடியல சார். என் காலு எப்ப சரியாவும்னு எனக்காக யாருமே கேக்கல. எங்கம்மாகூட அவளுக்காகத்தான் கேக்குது."

மூட்டுமானி மஞ்சள் காட்டினாலும், நடுவர் ஒப்பமிட்டால் ஆடலாம் என்று பச்சை ஆகிவிடும். சகாயராஜ் பட்டையைச் சுற்றி அளந்தார்; திரையில் மஞ்சள்தான். பிறகு ஒப்பமிட்டார்.

ஞாயிறு மதியம் இருவரின் அணிகளும் மோதின. தேன்மதி கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் தடை நீங்கியது. எதிரணியில் கிருபாவும் இறங்கினாள். கூட்டம் இருவருக்கும் சேர்த்தே கைதட்டியது.

முதல் பாஸ் தேன்மதியிடம் வந்தது. அவளை மறிக்க வேண்டியவள் இரண்டடி பின்வாங்கினாள். அடுத்தவள் பக்கவாட்டில் விலகினாள். அந்த முழங்கால் இன்னொரு தடவை உடைந்தால் உடைத்தவளின் கதி என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தேன்மதி ஓடவில்லை. நொண்டி நொண்டி நடந்துதான் போனாள். அந்த வேகத்துக்கு யார் வேண்டுமானாலும் பந்தைப் பறித்திருக்கலாம். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. கோல்கீப்பர்கூடக் கம்பத்தோரம் ஒதுங்கி நின்றாள். தேன்மதி பந்தைக் கோலுக்குள் தட்டினாள். அவளுடைய அணியில்கூட யாரும் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. மேலே விழுந்துவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கும்.

மறுபடி பந்து வந்தபோது அவள் நேராகக் கிருபாவிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எடுடி."

கிருபா மறுத்துத் தலையசைத்தாள்.

"கால் பழுதுதான். ஆட்டம் மறந்துபோவல எனக்கு. வந்து எடு."

"மாட்டேன்க்கா."

"நீயாவது வருவேன்னு நெனச்சுத்தான்டி எறங்கினேன்."

கிருபா அழுதபடியே பின்னால் நகர்ந்தாள். நகர்ந்து நகர்ந்து எல்லைக் கோட்டையும் தாண்டி, வெளியே புல்லில் உட்கார்ந்தாள். பிறகு அவள் உள்ளே வரவில்லை.

சகாயராஜ் விசிலை வாயில் வைத்தார். யாரும் யாரையும் தொடவில்லை. தண்டிக்கத் தக்கதாக எதுவும் நடக்கவில்லை. விசிலைக் கீழே இறக்கினார்.

காலடியில் பந்தோடு தேன்மதி நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிலும் மைதானம் காலியாக இருந்தது. இடைவேளைக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.