கீறல் விழாத மஞ்சள்

காலை ஏழு பத்து. ஆலையில் வெடித்த அழுத்தக் கலனுக்கு அருகே கிடந்தவனுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. பெண் இன்ஸ்பெக்டர் குனிந்து அவன் முகத்தைத் துணியால் மூடினாள்.

இறந்தவனின் மாமனார்தான் ஆலையின் பாதுகாப்புக் கருவிகளுக்கு மேலாளர். அவர் அழவில்லை; கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"இவன் பாதுகாப்பை ஆஃப் பண்ணி வெச்சிருக்கான்! கொலைகாரன்! இவனை உள்ள தள்ளுங்க!"

"சத்தியமா இல்ல மேடம். பிரஷர் எகிறினதும், கலனுக்குப் போற குழாயை அடைக்கிற வால்வுக்கு 'மூடு'ன்னு கட்டளை தானா போச்சு. லைட்டும் எரிஞ்சுது."

"லைட் எரிஞ்சா வால்வு மூடிடுச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"கட்டளை போச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்."

சற்றுத் தள்ளி, வெடிப்பில் சேதமாகாமல் அந்த வால்வு நின்றது. அதன் தண்டு வரை பளபளவென்று மஞ்சள் பெயின்ட்.

"இது எப்ப அடிச்சது?"

"போன மாசம், பெரிய ஆளுங்க வந்தப்ப. கண்ணுல பட்டதுக்கெல்லாம் அடிச்சாங்க. நான் அசையாம நின்னிருந்தா எனக்கும் ஒரு கோட் பெயின்ட் விழுந்திருக்கும்" என்றான் ஆபரேட்டர்.

மேலாளர் சோதனை அறிக்கையை நீட்டினார். "போன வாரம்தான் இந்த வால்வை டெஸ்ட் பண்ணேன். 'முழுதாக மூடியது.' என் கையெழுத்து, பாருங்க."

"மூடினதை நேர்ல பார்த்தீங்களா?"

"இந்த ரெண்டு கண்ணால!"

இன்ஸ்பெக்டர் தண்டின் மேல் விரலை ஓட்டினாள். "இது கீழ இறங்கினாத்தானே வால்வு மூடும்? இறங்கியிருந்தா பெயின்ட் உரிஞ்சிருக்கும். போன மாசம் அடிச்ச பெயின்ட்ல ஒரு கீறல்கூட இல்ல. அப்ப போன வாரம் நீங்க பார்த்தது எந்த வால்வு சார்?"

ஆபரேட்டரின் சட்டையைப் பிடித்திருந்த மேலாளரின் கை தானாக விழுந்தது.

"வால்வை மூடினா உற்பத்தி நின்னுடும்... லைட் எரிஞ்சுதான்னு மட்டும் பார்த்தேன். முன்னெல்லாம் வருஷா வருஷம் ஒழுங்கா மூடின வால்வும்மா."

"லைட்டைப் பார்த்துட்டு, வால்வைப் பார்த்ததா எழுதிட்டீங்க. அது இறுகிப்போனது யாருக்கும் தெரியல. குற்றவாளி இவர் இல்ல சார், நீங்க."

மேலாளர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிட யாருக்கும் கை வரவில்லை.

ஆபரேட்டர் தலைகுனிந்தபடி சொன்னான்: "ஓடி வந்துடுன்னு ரேடியோல கத்தினேன் மேடம். 'பயப்படாத, மாமா போன வாரம்தான் செக் பண்ணாரு, மூடிடும்'னு அங்கேயே நின்னான்."