பஞ்சு கொண்டுவந்த சோடா

எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர்.

அன்று மைதானத்தில் ராக்கெட் விடும் பாடம். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் வினிகர் ஊற்றி, சமையல் சோடாவைப் போட்டு, தக்கையால் இறுக்கி அடைத்துத் தலைகீழாக நிறுத்தினால் பாட்டில் பறக்கும். வினிகர் கேள்விக்குறியின் பொறுப்பு. சோடா அவளுடைய கூட்டாளி பஞ்சுவின் பொறுப்பு. பஞ்சு பள்ளிக்குப் புதியவள். அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்காது.

பஞ்சு பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தாள். அது குடிக்கிற சோடா.

பக்கத்துக் குழுவின் நெட்டையன் விழுந்து விழுந்து சிரித்தான். ராக்கெட்டுக்கு ஏப்பம்தான் வரும் என்றான். கூடவே மற்றவர்களும் சிரித்தார்கள். பஞ்சுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று முணுமுணுத்தாள். இப்படியே போனால் இவள் நாளைக்கும் வரமாட்டாளே என்று கேள்விக்குறிக்குக் கவலையாகிவிட்டது.

"தப்பு என்னோடதுடி. சமையல் சோடான்னு சொல்லாம, வெறும் சோடான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

யாரிடமாவது ஒரு ஸ்பூன் சமையல் சோடா கடன் கேட்கலாம் என்றால், கேட்டால் இன்னும் சிரிப்பார்கள் என்று பஞ்சு ஒரேயடியாக மறுத்தாள்.

அதற்குள் நெட்டையனின் ராக்கெட் நுரையைக் கக்கிக்கொண்டு கூரை உயரம் போனது.

"அது ஏன் பறக்குது?" என்று கேள்விக்குறி தன்னையே கேட்டுக்கொண்டாள். உள்ளே வாயு நிறைந்து, தக்கையைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்கிறது. வாயுதானே வேண்டும்? சோடாவைத் திறந்தால் புஸ்ஸென்று வருவது என்னவாம்?

டீச்சரிடம் கேட்டதும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்து பார்க்கச் சொன்னார். ராக்கெட் பாட்டிலில் சோடாவை ஊற்றித் தக்கையை அடைத்தார்கள். பஞ்சு குலுக்கு குலுக்கு என்று குலுக்கித் தலைகீழாக நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். டப்! பாட்டில் ஓர் ஆள் உயரம் எழும்பி, நெட்டையன் சட்டையை நனைத்துவிட்டு விழுந்தது.

இரண்டு ராக்கெட்டும் ஒன்றுதானா என்று டீச்சர் கேட்டார். ஒன்றுதான், இரண்டிலும் வாயுதானே என்றான் நெட்டையன். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

"இல்ல டீச்சர்" என்றாள் பஞ்சு. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. "இதுல வாயுவை முன்னாடியே அடைச்சு வச்சிருக்காங்க. குலுக்கினா வெளிய வருது. அதுல வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்த பிறகுதான் வாயு புதுசா உண்டாகுது."

"அப்படிப் புதுசா ஒண்ணு உண்டாகுதே, அதுதான் வேதிவினை" என்றார் டீச்சர். "இன்னைக்குப் பாடத்தை பஞ்சுவே நடத்திட்டா."

நெட்டையன் ஈரச் சட்டையோடு வந்து, மிச்சம் சோடா இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டான்.

பஞ்சு பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பறக்கவிடறதுக்குன்னா தரேன். ஏப்பம் விடறதுக்குன்னா தரமாட்டேன்."