நாற்பது முழம் நூல்

சுவரில் மாட்டியிருந்த தூண்டில் ராட்டை ஒரே ஒரு முறை ‘டக்’ என்றது.

இருசம்மாள் உளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பட்டறையும் வீடும் ஒன்றாக இருந்த அந்த அறையில் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பெய்து, கூரை ஓலை ஊறிக் கறுத்து, உச்சிப் பொழுதிலேயே அகல் ஏற்றவேண்டிய இருட்டு. பூவரசஞ் சீவலின் பச்சை வாசனையோடு வாசலுக்கு அப்பால், கடலோடு சேரும் ஏரியின் சேற்று வாசனையும் கலந்து, மூச்சை இழுத்தால் நெஞ்சில் ஈரம் தட்டியது. காற்று அந்த ராட்டையைத் திருப்பாது. அதன் கொம்பு நாக்கை அவளே சீவிப் பொருத்தியிருந்தாள், கையால் இழுத்தாலொழிய அசையாதபடி. எலி என்று சொல்லிக்கொண்டாள். எலி என்று சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி, எழுந்து போய்ப் பார்க்கவேண்டியதில்லை.

அது அவள் புருஷன் நீலமேகத்தின் ராட்டை. அவனுடையது என்று கட்டுமரத்தோடு திரும்பி வந்தது அது மட்டும்தான்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய காலத்தில் இருசம்மாளின் பூட்டன் அர்ஜுனன் அவர்களுடைய கப்பல்களுக்கு மரவேலை செய்யப் போனார். கப்பல் தளத்தில் ஆழம் பார்க்கும் கயிற்றைச் சுற்றி வைக்க ஒரு பெரிய மர உருளை இருந்தது. அதை மனதில் வாங்கிக்கொண்டு ஏரிக்கு இக்கரையில் இருந்த தன் ஊர் பசியாவரத்துக்குத் திரும்பி வந்து, ஒரு கையில் தாங்குகிற அளவில் ஒன்று செய்தார். அதுவரை வெறும் குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஊர் சிரித்தது. அவர் அசரவில்லை. மாட்டுக் கொம்பில் ஒரு நாக்குச் சீவி வைத்து, ஒரு சுற்றுக்கு ஒரு முழம் நூல், ஒரு முழத்துக்கு ஒரு ‘டக்’ என்று கணக்காக அமைத்தார். “தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா, முழம் இன்னா” என்று அதற்கும் கேலி பேசினார்கள். ஆனால் கண் தெரியாத இருட்டுக் கடலில் தூண்டில் எத்தனை முழத்தில் நிற்கிறது என்று காது சொன்னபோது, கேலி பேசியவர்களே வாசலில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து அது ராட்டைக்காரர் வீடு. ஆண் வாரிசு இல்லாததால் உளி இருசம்மாள் கைக்கு வந்தது, கைக்கு வந்த உளியை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த வீட்டுக்கு இரண்டு வழக்கம் உண்டு. ஈரத்தில் நூல் அச்சில் வழுக்கும் என்பதால், முதல் சுற்றாக, ராட்டையை வாங்குபவனின் குடுமியிலிருந்து கொஞ்சம் முடி வெட்டித் திரித்து அச்சில் சுற்றி, அதில்தான் நூலை முடிச்சிடுவார்கள். அவன் கடலோடு போய் உடலும் கிடைக்கவில்லை என்றால், மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் ராட்டையின் நாக்கைப் பிடுங்கி, முடியோடும் நூலோடும் அடுப்பில் வைத்துவிடவேண்டும். செய்தவர் கைதான் அதைச் செய்யவேண்டும்.

இன்று மூன்றாம் நாள்.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொழுந்தன் சிங்காரம் வந்து வாசலிலேயே நின்றான். அண்ணனோடு ஒரே கட்டுமரத்தில் போனவன். அலை புரட்டியபோது கட்டையைப் பிடித்துக்கொண்டு இவன் பிழைத்தான்.

“அண்ணி, இன்னையோட மூணு நாளாச்சி. அடுப்புல வச்சிடு. உங்க நைனா இருந்தா இன்னேரம் வச்சிருப்பாரு.”

“உங்க அண்ணன் பொணம் கரை ஒதுங்கிச்சா?”

“இல்ல.”

“அப்போ இன்னாத்துக்கு அவசரப்படறே?”

“அவசரம் எனக்கில்ல அண்ணி. நூலு ஒரு முனை வூட்லயும் ஒரு முனை கடல்லயும் இருக்கக்கூடாதுனு உங்க வூட்டு ஆளுங்கதான சொல்லி வச்சாங்க. அறுந்தது போவ, அதுல இன்னும் நாப்பது முழம் இருக்குது.”

“கோட்டைல பொழுது சாய பறை அடிக்கிறதுக்குள்ள செய்யிறேன். நீ போ.”

“நான் வேணா கூட இருக்கட்டா?”

“வாணாம்.”

அவன் போனதும் கதவைச் சாத்தினாள். கூட இருந்தால் அவன் பார்த்துவிடுவான். அச்சில் இருப்பது அவன் அண்ணனின் முடி அல்ல. கடல் கடந்து பத்தாவிக்குப் போகும் ஒல்லாந்தர் கப்பலில் ஆள் எடுக்கிறார்கள் என்று நீலமேகம் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போனவர்களில் ஒருவரும் திரும்பியதில்லை என்பது அவனுக்கும் தெரியும். கெஞ்சினாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் சோறு பொங்கவில்லை. கடைசியில் அவனுக்குப் புது ராட்டை செய்தபோது, அவன் கொடுத்த குடுமி முடியை அடுப்பில் போட்டுவிட்டுத் தன் கொண்டையிலிருந்து ஒரு கற்றையை அறுத்து அச்சில் சுற்றினாள். எங்கே போனாலும் தன்னிடம் திரும்பி வரவேண்டும் என்ற ஆசைதான். அதற்குப் பிறகு அவன் பத்தாவிப் பேச்சை எடுக்கவே இல்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது அந்த அச்சைத் தீயில் வைத்தால் எது வேகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லி வைக்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, இப்படி ஒருத்தி செய்வாள் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

‘டக்.’

இம்முறை பார்த்துக்கொண்டே இருந்தாள். ராட்டை மெல்ல அசைந்து, ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது. அறுந்த நூல்முனை தரையில் கிடந்தது. காலையில் காய்ந்திருந்த நூல், இப்போது விரலால் தொட்டால் சொட்டுகிற ஈரம். தொட்ட விரலை வாயில் வைத்துப் பார்த்தாள். ஏரித் தண்ணீரின் சப்பென்ற கரிப்பு அல்ல, கடலின் கசப்பு.

‘டக்.’ முனை கதவை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது.

‘டக். டக்.’ கதவின் அடியில் நுழைந்தது.

அவள் எண்ண ஆரம்பித்தாள், எண்ணாமல் இருக்க அவள் காதுக்குத் தெரியாது. ஏழு. எட்டு. வாசலிலிருந்து ஏரித் தண்ணீர் வரை எவ்வளவு தூரம்? மழைக்கு முன்னால் அறுபது முழம். மூன்று நாளாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. பதினொன்று. பன்னிரண்டு.

ஓடிப்போய் ராட்டையைச் சுவரிலிருந்து பிடுங்கி அடுப்புக்குக் கொண்டுபோனாள். தணல் நன்றாகவே இருந்தது. மரத்தின் விளிம்பு கருகத் தொடங்கியபோது முடி கருகும் நாற்றம் எழுந்தது. அச்சுக்குள்ளே நெருப்பு இன்னும் போகவில்லையே என்று குனிந்து பார்த்தாள். நாற்றம் தன் பின்னங்கழுத்திலிருந்து வந்தது. கொண்டையில் கை வைத்தாள். சுட்டது. பொசுங்கிய முடி விரலில் பொடியாக ஒட்டியது.

ராட்டையை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள். கொண்டையின் சூடு தணிந்தது.

இருபத்து மூன்று.

தீ இல்லையென்றால் நாக்கு. உளியை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். கொம்பு நாக்கு தெறித்து எங்கோ விழுந்தது. சத்தம் நின்றது. ராட்டையை மூலையில் போட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடி, சுவரோரம் உட்கார்ந்தாள். மழை கூட விட்டிருந்தது. அந்த அமைதியில், மூன்று நாளாக வராத அழுகை வந்தது. அவன் செத்துவிட்டான். இனி வரமாட்டான். அதை மனசு ஒப்புக்கொண்டதும் அழ முடிந்தது, அழுது முடித்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

எழுந்து சாக்கைத் தூக்கினாள்.

அச்சு மொட்டையாக இருந்தது. நூலே இல்லை. சத்தமில்லாமல் அத்தனையும் ஓடிப்போயிருந்தது. கதவடியில், நூலின் வால்முனையில் முடிந்திருந்த கறுப்புத் திரி ஒன்று நெளிந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

கதவைத் திறந்து பாய்ந்தாள். சேற்றில் கைவைத்துத் தேடினாள். எண்ணெய்ப் பிசுக்கு. தன் முடிதான். விரலிடுக்கில் ஒரு கணம் இருந்தது, வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. தண்ணீர் அவள் நினைத்ததைவிட மிகப் பக்கத்தில் நின்றது. மேலே சாம்பல் வானம். அக்கரையில் கோட்டை மங்கலாகத் தெரிந்தது. ஏரியில் ஒரு படகும் இல்லை.

ஏரிக்குள்ளிருந்து கேட்டது.

‘டக்.’

கொண்டை தானாக அவிழ்ந்தது.

வீட்டைப் பார்த்துத் திரும்பி ஓடினாள். இரண்டு அடி. மூன்றாவது அடி வரவில்லை. பின்னந்தலையில் ஒரு இழுப்பு. வலிக்கவில்லை. முடி மொத்தமும் முதுகுக்குப் பின்னால் நேராக, விறைப்பாக நின்றது.

‘டக்.’ ஒரு முழம் பின்னால்.

‘டக்.’ குதிகாலில் தண்ணீர்.

சிங்காரம் என்று கூப்பிட வாயைத் திறந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது, குரல் எழும்பவில்லை. எதிரே திறந்த கதவு. உள்ளே அகல். சேற்றில் தன் காலடித் தடங்கள் வாசலிலிருந்து தன்னை நோக்கி வந்திருப்பதைக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாள். பின்னால் இருப்பதைப் பார்க்க முடியவில்லை.

‘டக்.’ முழங்கால்.

கோட்டையில் பறை அடித்தது.

திமிறினாள். உடனே இழுப்பு தளர்ந்தது, ஓடு என்பதுபோல. நான்கு அடி ஓடினாள். களைத்து நின்றாள். மறுபடி இழுத்தது.

‘டக்.’ இடுப்பு.

மறுபடி திமிறினாள். மறுபடி தளர்ந்தது. பெரிய மீன் மாட்டினால் அவசரப்படக்கூடாது, விட்டு விட்டுத்தான் சுற்றவேண்டும் என்று கல்யாணமான புதிதில் நீலமேகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.