ஓரத்தில் நின்றவள்

மதியம் மூன்று மணிக்கே மழை அந்தப் பீர்மேட்டுப் பங்களாவை இருட்டாக்கியிருந்தது. சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் சூப்பர் எட்டு என்னும் பழைய வீட்டுக் கேமரா ஃபிலிம் ஓட, அதில் எல்லோரும் மூங்கில் குச்சி மாதிரி ஒடுங்கித் தெரிந்தார்கள். ஓரத்தில் நின்ற ஒருத்தி மட்டும் சரியான உடம்போடு இருந்தாள்.

ஒடுங்கித் தெரிவது செல்வலட்சுமிக்குப் புதிதில்லை. வண்டிப்பெரியாரில் ஸ்டூடியோ வைத்து, பழைய ஃபிலிம்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பவள் அவள். இதை எடுத்த எஸ்டேட் மேனேஜர் அகலப் படத்துக்கு ஆசைப்பட்டு, கேமரா முன்னால் ஒரு லென்ஸை மாட்டிக் காட்சியை அந்தச் சின்ன ஃபிலிமுக்குள் நெருக்கியிருந்தார். புரொஜெக்டரிலும் அதே லென்ஸை வைத்தால் விரிந்துவிடும். ஆனால் ஒருத்தி மட்டும் எப்படி ஒடுங்காமல் நிற்பாள்?

டப்பாவின் மேல் எழுதியிருந்த தேதியை அவள் மறுபடி படித்தாள். 1989 ஜூலை. மலை சரிந்து, தொழிலாளர்கள் குடியிருந்த ஐந்தாம் லயம் புதைந்த மாதம். லயத்தில் ஆளே இல்லை என்று மேனேஜர் சொன்னார், யாரும் தோண்டவில்லை. சித்தி வீட்டில் இருந்ததால் ஐந்து வயதுச் செல்வலட்சுமி பிழைத்தாள். அம்மா முத்துப்பேச்சி திரும்பி வரவேயில்லை.

அவள் லென்ஸை மாட்டினாள். படம் துணியைத் தாண்டிச் சுவரிலும் வழிந்து விரிந்தது. ஜீப், மேனேஜர் குடும்பம், பின்னால் ஐந்தாம் லயத்தின் தகரக் கூரை, வாசலில் துணி காயப்போடும் பெண்கள். எல்லோரும் இயல்பான அளவுக்கு வந்தார்கள். ஓரத்தில் நின்றவள் இம்மியும் அகலவில்லை.

அப்படியென்றால் அவள் ஃபிலிமில் இல்லை.

"சேச்சி, ஓரமெல்லாம் கட் பண்ணு," என்றான் ஜிபி. மேனேஜரின் மகன், பங்களாவை ரிசார்ட் ஆக்கி, அங்கே காட்ட இந்த ஃபிலிமை மாற்றித் தரச் சொன்னவன். "கெஸ்ட்டுக்கு லயம் எதுக்கு? ஃபேமிலி மட்டும் போதும்."

"ஆளு நிக்குது, பாருங்க. துணி காயப்போடுது. இதுவா ஆளில்லாத லயம்?"

"பழைய காரியம் விடு சேச்சி. அப்பன் போயாச்சு."

"எங்கம்மா போகல. இன்னும் அந்த மண்ணுக்குள்ளதான் கெடக்கா!"

அந்த நேரம் பார்த்து ஃபிலிம் தீர்ந்து, அதன் வால் பட்பட்டென்று அடித்துக்கொண்டது. துணியில் வெறும் வெள்ளை வெளிச்சம். ஓரத்தில் அந்தப் பெண் மட்டும் நின்றாள்.

செல்வலட்சுமி ஒயரையே பிடுங்கினாள். விளக்கு அணைந்தும் அந்தப் பெண் மறையவில்லை.

அவள் நின்றாள். பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு ஏழு பேர். அறை முழுக்க ஈரச் செம்மண் வாடை.

"என்ன வித்தை காட்டுறே?" ஜிபி பாய்ந்து துணியைக் கிழித்தான். பின்னால் வெறும் சுவர். சுவரிலும் அவர்கள். முதலில் நின்றவள் முகத்தைத் திருப்பினாள். அது செல்வலட்சுமியின் முகம். பதினைந்து வயது குறைவாக.

சுவரிலிருந்து ஒரு கை வந்து ஜிபியின் மணிக்கட்டைப் பிடித்தது.

"சேச்சி! பிடி!"

அவள் அசையவில்லை. "லயத்துல ஆளு இருந்துச்சா?"

"இருந்தாங்க! அப்பனுக்குத் தெரியும்! எனக்கும் தெரியும்!"

கை விடவில்லை. அவன் முழங்கை சுவருக்குள் போயிற்று. தோள் போயிற்று. சுவர் சேறு மாதிரி அவன் வாயை மூடியது. சத்தம் நின்றது.

அம்மா இப்போது செல்வலட்சுமியைப் பார்த்தாள். நகக்கண் நிறைய மண்ணோடு, அவளுடைய இன்னொரு கை மெல்லச் சுவரை விட்டு வெளியே மகளை நோக்கி நீண்டது.