லோயிஸ் விழுந்த கதவு

"எங்கப்பா ஒரு கொலை பண்ணிட்டதாச் சொல்றாருங்க" என்றாள் கெஸியா. "நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போய் ஒத்துக்கப் போறாராம்."

மருதாம்பாள் கேரட் நறுக்குவதை நிறுத்தவில்லை. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று காந்தலில் தனியாக இருப்பவர். யார் என்ன சொன்னாலும் முதலில் கையில் இருக்கும் வேலையை முடிப்பார். எதிரே டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த பாண்டியனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து அவனுடைய ஜீப்புக்கு எஸ்டேட் வாடகை வருவதில்லை. அதனால் அக்காவின் விசாரணைகளுக்கெல்லாம் அவன்தான் வண்டி, அவன்தான் துணை.

"யாரைக் கொன்னாராம்?" என்றான்.

"லோயிஸ்னு ஒரு பொண்ணுங்க. 'மேல்மாடி விளக்கு' படம் எங்க எஸ்டேட் ஃபேக்டரியிலதானே எடுத்தாங்க. கதாநாயகிக்கு டூப் போட வந்தவ. மூணாவது மாடியிலருந்து விழுந்து செத்துட்டா."

பாண்டியன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அந்தப் படத்தைச் சிறுவயதில் பார்த்துவிட்டு அவன் ஒரு மாதம் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். படத்தில் வரும் சாவு நிஜச் சாவு என்று அந்தக் காலத்தில் மலை முழுக்கப் பேச்சு. தியேட்டர் வாசலில் மறியல் நடந்தது, கோர்ட்டில் வழக்கு நடந்தது. தடை விலகிய பிறகு ஊட்டியிலும் குன்னூரிலும் கூட்டம் தாங்கவில்லை. பயந்தவர்களே மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார்கள்.

கெஸியாவின் அப்பா ஜஸ்டஸ் அப்போது ஃபேக்டரியில் டீ மேக்கர். தேயிலை பக்குவமாக வரும்வரை மூன்று மாடிகளும் அவர் பொறுப்பு. போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய நினைவு கலங்கிப்போயிருந்தது. ஒரு மாதமாக இந்தப் பேச்சு.

"அவர் சொல்றதை அப்படியே சொல்லு, கண்ணு" என்றார் மருதாம்பாள்.

"நல்ல நிலா வெளிச்சம். வெள்ளைச் சேலை கட்டி அவ கதவுகிட்ட நிக்கிறா. பக்கத்துல இடது கைப்பக்கம் புகைபோக்கி. காக்கிக் கோட்டோட நான் பின்னால வர்றேன். அவ மூஞ்சியில பயம். என் கை நீளுது. குறுக்குக் கட்டை மேல புரண்டு விழறா. அவ்வளவுதாங்க. தினமும் ஒரு வார்த்தை மாறாமச் சொல்றார். சொல்லிட்டு அழறார். சாப்பிடறதே இல்லை."

"வீட்டுக்கு யார் யார் வர்றாங்க?"

"தனசிங் அங்கிள் மட்டும்தாங்க. அந்தப் படத்துக்கு அவர்தான் இங்க மேனேஜர். இப்ப மூடிக் கிடக்கிற ஃபேக்டரியை வாங்கி லாட்ஜ் கட்டப் போறார். தினமும் சாயங்காலம் வந்து அப்பாகூட உக்காந்து பழைய கதை பேசுவார். அவர்தான் ஆறுதல். அடுத்த வாரம் டிவிக்காரங்க வேற வர்றாங்க. படம் எடுத்த கதையை எல்லாரையும் கேக்கப் போறாங்களாம்."

மருதாம்பாள் கத்தியைக் கழுவி வைத்தார். "பாண்டியா, அந்தப் படம் சி.டி. கிடைக்குமா?"

கிடைத்தது. கடைசிக் காட்சி வந்தபோது பாண்டியன் கண்ணை மூடிக்கொண்டான். "நீங்களே பாருங்கக்கா. எனக்கு மனப்பாடம்."

"கண்ணைத் திறடா. முப்பத்தஞ்சு வயசு ஆம்பளை."

திறந்தான். நிலவொளியில் ஃபேக்டரி நின்றது. இடதுபுறம் புகைபோக்கி, அதை ஒட்டி மூன்றாம் மாடிக் கதவு. வெள்ளைச் சேலை, அவள் பின்னால் காக்கிக் கோட்டு. குறுக்குக் கட்டைக்கு மேலாக அவள் புரண்டு விழுந்தாள்.

"கையைப் பாரு" என்றார் மருதாம்பாள். "விழற மனுஷி கையை வீசாம இருப்பாளா? ரெண்டு கையும் உடம்போட ஒட்டியே கிடக்கு. பொம்மை. அதோட, தரையில நிழல் எப்படிக் கறுப்பா விழுது பாரு. நிலா வெளிச்சத்துல இவ்வளவு நிழல் விழாது. பட்டப்பகல்ல எடுத்து ராத்திரியாக் காட்டியிருக்காங்க."

பாண்டியனுக்கு அதனால் பயம் குறையவில்லை. நிஜத்தில் செத்தவள் வேறு எப்படியோ செத்தாள் என்பது அதைவிட மோசமாகப் பட்டது.

குன்னூருக்கு அப்பால் அந்த எஸ்டேட்டுக்குள் ஜீப் நுழைந்தபோது பகலிலேயே மஞ்சு மூடுபனியாக இறங்கியிருந்தது. கவாத்து செய்ய ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பாதையின் இரண்டு பக்கமும் யாரோ ஒளிந்து நிற்பதுபோல் இருந்தன. ஃபேக்டரி வாசலில் காவலாளி செல்லதுரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். சிலோனிலிருந்து வந்து எண்பத்திரண்டில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்.

"நான் வரக்கொள்ள அந்தப் பொம்பளை செத்து அஞ்சாறு வருசம்" என்றார். "ஆனா தொழிலாளிக இருக்கிற லயத்து வீட்டுல சின்னப் பிள்ளை வரைக்கும் நேர்ல பார்த்த மாதிரிச் சொல்லும். அம்புட்டு வாட்டி அந்தப் படத்தைப் பார்த்திருக்குதுகள்."

பாண்டியன் முற்றத்தில் நின்று மேலே பார்த்தான். பார்த்தவன் மருதாம்பாளின் கையைப் பற்றிக்கொண்டான்.

"அக்கா, புகைபோக்கி இடம் மாறி நிக்குது."

மாறித்தான் நின்றது. கதவுக்கு வலதுபுறம்.

"கட்டடம் நடக்காதுடா. படச்சுருளைப் புரட்டிப் போட்டு ஒட்டியிருக்காங்க. கதாநாயகன் பார்க்கிற பக்கத்துக்குச் சரியா வரணும்னு அப்படிச் செய்வாங்க."

"ஆனா ஜஸ்டஸ் ஐயாவும் இடது கைப்பக்கம்னுதானே சொல்றார்? உள்ள நின்னு வெளிய பார்த்தா, இந்தப் புகைபோக்கி இடது பக்கம்தானே வரும்? அப்ப அவர் உள்ளதான் நின்னிருக்கார்." தன் வாயிலிருந்து வந்த யோசனை பாண்டியனையே திடுக்கிட வைத்தது.

"நல்ல கேள்வி. மேல வா."

மரப் படிகள் ஒவ்வொன்றும் முனகின. பச்சை இலையைப் பரப்பி வாட்டும் மாடிகள் காலியாகக் கிடந்தாலும் அந்தப் பழைய வாசம் போகவில்லை. இலை மூட்டைகளைக் கயிற்றில் இழுத்து ஏற்றுவதற்காக ஒவ்வொரு மாடியிலும் வெளிப்பக்கம் ஒரு கதவு. ஆள் விழாமல் இருக்க இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை. இரண்டாம் மாடியில் அந்தக் கட்டை போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. மூன்றாம் மாடியில் போல்ட் போட்ட ஓட்டைகள் வெறுமனே இருந்தன. கட்டையை நீள ஆணிகளால் அறைந்திருந்தார்கள். ஒன்றிரண்டு ஆணி கோணல்.

"இது எப்ப மாத்தினது?" என்று மருதாம்பாள் கேட்டார்.

"நான் வந்த நாள்லேருந்து இப்புடித்தான்" என்றார் செல்லதுரை.

"பாண்டியா, இங்க நின்னு பாரு. புகைபோக்கி தெரியுதா?"

தெரியவில்லை. சுவர் மறைத்தது. கட்டையில் வயிற்றை அழுத்தி, தலையை வெளியே நீட்டினால்தான் தெரிந்தது. கீழே மஞ்சில் முற்றமே இல்லை. விழுந்தால் எங்கே போய்ச் சேர்வோம் என்று தெரியாத வெண்மை. அவன் முதுகுக்குப் பின்னால் பலகை ஒன்று முனகியது. பாண்டியன் சட்டென்று உள்ளே வந்து சுவரோடு ஒட்டி நின்றான். செல்லதுரைதான் கால் மாற்றி நின்றிருக்கிறார்.

"போலாங்க்கா" என்றான்.

வழியில் மருதாம்பாள் ஒரு வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, அந்தக் கேசைப் பார்த்த பழைய ஏட்டு ஒருவரோடு பேசிவிட்டு வந்தார். ஜஸ்டஸ் வீட்டில் தனசிங் முன்னதாகவே வந்திருந்தார். தோல் கையுறை, வாசனை, சிரிப்பு. ஜஸ்டஸ் ஜன்னலோரம் கம்பளிக்குள் சுருங்கி உட்கார்ந்திருந்தார். மருதாம்பாளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார், விலங்கு மாட்டச் சொல்வதுபோல. கெஸியா திரும்பிக்கொண்டாள்.

"லோயிஸ் விழுந்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க சார்?" என்று மருதாம்பாள் தனசிங்கைக் கேட்டார்.

"நான் காலையிலருந்தே ஊட்டியில, ஹீரோகூட. ஆள் வந்து சொல்லித்தான் தெரியும். நான் வந்து சேர்றதுக்கு முன்னாடி போலீஸே வந்துட்டுப் போயிடுச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, இவரை ஏன் இழுத்தடிக்கிறீங்க? பாவம், என்ன கோவமோ, குறுக்குக் கட்டையைக் கழட்டி வெச்சுத் தள்ளிட்டார். இந்த வயசுல யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. மனசுல இருக்கிறதைச் சொல்லிட்டா நிம்மதியாப் போயிடுவார்."

மருதாம்பாள் தலையாட்டிவிட்டு ஜஸ்டஸ் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"ஐயா, லோயிஸ் முகம் தெரியுதுங்களா?"

"தெரியுதும்மா. பயந்த முகம்."

"நீங்க போட்டிருந்த கோட்டு?"

"முழுசாத் தெரியுது. மேல் பட்டன் இல்லை."

"அவளுக்குப் பின்னால நின்னு தள்ளினவருக்கு அவ முகம் எப்படிங்க தெரியும்? தன் கோட்டை எப்படி முழுசாப் பார்ப்பார்? புகைபோக்கி அந்தக் கதவுக்கு உள்ள நின்னாத் தெரியவே தெரியாது. இதையெல்லாம் ஒண்ணாப் பார்க்கணும்னா கீழ முற்றத்துல நிக்கணும். கேமரா நின்ன இடம் அது. நீங்க சொல்றது படமுங்க. அதனாலதான் புகைபோக்கிகூடப் படத்துல இருக்கிற மாதிரி இடது பக்கம் நிக்குது. தினமும் யாரோ அதை உங்க காதுல ஓதி, அந்தக் கோட்டுக்குள்ள உங்களை நுழைச்சிருக்காங்க."

ஜஸ்டஸ் நீட்டிய கைகளைக் கீழே இறக்கினார்.

"படத்துல இல்லாதது எதாச்சும் வருதுங்களா? அவசரமில்லை."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "கூடை."

"என்ன கூடை?"

"யாரோ கூடையைக் கீழ போட்டாங்க. பச்சை இலை. என் கால் மேல கொட்டுச்சு."

"சாயங்காலம் இலை நிறுக்கிற நேரம்" என்றார் மருதாம்பாள். "முற்றத்துல பொம்பளைங்க கூடையோட நிப்பாங்க, நீங்க தராசுகிட்ட நிப்பீங்க. வெளிச்சம் இருந்த நேரம். அவ விழுந்தப்ப நீங்க கீழதான் இருந்தீங்க."

தனசிங் சிரித்தார். "மூளை கலங்கினவர் கூடைங்கிறார், நீங்க கதை கட்டறீங்க."

"இவர் பேச்சை விடுங்க. உங்க பேச்சுக்கு வருவோம். படத்துல கட்டை இருக்கு, அதுக்கு மேலதான் பொம்மை புரளுது. இவர் ஒரு மாசமாச் சொல்றதும் அதேதான். அந்தக் கேசைப் பார்த்த ஏட்டையாவை வழியில பார்த்துப் பேசினேன். போலீஸ் போனப்பவும் கட்டை இருந்துச்சாம். அதனாலதான் அவளா எட்டிப் பார்த்து விழுந்துட்டாள்னு முடிச்சாங்க. கட்டையைக் கழட்டினாங்கன்னு இந்த உலகத்துல யாருமே சொன்னதில்லை. நீங்க சொன்னீங்க, இப்ப, இந்த நாற்காலியில உக்காந்து."

கெஸியா மெதுவாக நகர்ந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"போல்ட்டைக் கழட்டினவருக்குத் திரும்ப முடுக்க நேரமில்லை. போலீஸ் வர்றதுக்குள்ள ஆணி அடிச்சிட்டார். கட்டை குறுக்க இருந்தா சேலையும் உடம்பும் கேமராவுக்கு மறையும்னு கழட்டியிருக்கீங்க. ஒரு நிமிஷம் சும்மா நில்லும்மா, கேமரா சரிபார்க்கணும்னு அவளை நிக்க வெச்சிருப்பீங்க. மூணாவது மாடி, ஈரப் பலகை, பிடிக்க ஒண்ணுமில்லை. யாரும் தள்ளலை. அதுக்கப்புறம் கட்டையைத் தொட எஸ்டேட் விட்டிருக்காது. அதனால பொம்மையைக் கட்டைக்கு மேல புரட்டினீங்க. டிவிக்காரங்க மேல ஏறினா அந்த ஆணியைப் பார்ப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தர் ஒத்துக்கிட்டா நல்லதுன்னு பார்த்தீங்க."

தனசிங் எழுந்து கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஆணிக்கு வாய் இருக்கா? இவருக்கு நாளைக்கு உங்க பேரே ஞாபகம் இருக்காது." வாசலில் பாண்டியன் தோளில் கை வைத்தார். "நீதான் வண்டி ஓட்டறியா தம்பி? மஞ்சா இருக்கு. வளைவெல்லாம் மோசம். இந்த ரோட்டுல எத்தனையோ வண்டி விழுந்திருக்கு."

அவருடைய கார் கிளம்பியது. ஆனால் சத்தம் தூரம் போகவில்லை. முதல் வளைவில் நின்றுவிட்டது.

பாண்டியன் வாசல் கதவைச் சாத்தினான். "அக்கா, காலையில போலாமே. வெளிச்சம் வரட்டும்."

"பெரியவர் களைச்சிருக்கார். அவர் சொல்லட்டும்" என்றார் மருதாம்பாள்.

ஜஸ்டஸ் கம்பளியைத் தள்ளிவிட்டு நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி எழுந்தார். கெஸியா தாங்கிப் பிடித்தாள். அவர் கண்ணீர் வழிந்தபடியே இருந்தது, ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"அவ 'அண்ணா'ன்னு கூப்பிட்டா. மேலருந்து. நான் நிமிர்ந்து பார்த்தேன். கதவுல கட்டை இல்லை. அவ பின்னால நின்னு 'இன்னும் கொஞ்சம் முன்னால வா'ன்னு சொன்னது தனசிங். அன்னைக்கே சொல்லாம விட்டுட்டேன்." அவர் பாண்டியனைப் பார்த்தார். "வண்டியை எடு தம்பி. இப்பவே ஸ்டேஷனுக்குப் போயிடணும். ராத்திரி தூங்கி எந்திரிச்சா, திரும்பவும் நான்தான் தள்ளினேன்னு சொல்லுவேன்."

பாண்டியன் சாவியை எடுத்தான்.