கீழே கொண்டுவந்த மழை

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஏனாங்கா மழைமானியின் புனலைக் கழற்றி, உள்ளே இருந்த டப்பாவை வெளியே தூக்கியபோது அது காய்ந்து கிடந்தது. ராத்திரி முழுக்க மழை. தகரக் கூரையில் விடாமல் கொட்டிய மழையில் பக்கத்தில் படுத்திருந்த கணவன் இகோமேயின் குறட்டைகூட அவளுக்குக் கேட்கவில்லை. இப்போதும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ரெயின்கோட்டின் முக்காட்டைத் தாண்டி கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. அவள் டப்பாவுக்குள் கைவிட்டு அடியைத் தடவினாள். விரலில் மெல்லிய கறுப்புத் தூசி ஒட்டியது.

ஓட்டையா என்று பார்த்தாள். ஓட்டை இல்லை. இருந்தாலும் ஈரமாவது இருக்க வேண்டுமே. குனிந்து முகர்ந்தாள். வெயிலில் கிடந்த கல்லின் வாசனை வந்தது. மலையின் இந்தப் பக்கத்தில் வெயில் பட்ட கல்லை அவள் பார்த்து நான்கு மாதமாகிறது.

போனை ரெயின்கோட்டுக்குள் வைத்தபடியே வானிலை அலுவலகத்து மேலதிகாரிக்குப் பேசினாள்.

"சார், இன்னிக்கு சைபர்."

"நேத்து நானூத்திப் பன்னெண்டு, இன்னிக்கு சைபரா? மழை லீவு போட்டுடுச்சா?" என்றார் தாபோட்.

"மழை பேயுது சார். நனைஞ்சுகிட்டேதான் பேசறேன்."

"அப்ப ஏன் சைபர்?"

"அதுதான் சார் எனக்கும் புரியல."

"எனக்கு நம்பர் வேணும் ஏனாங்கா. கதை வேணாம். இப்படியே போச்சுன்னா உன் ஸ்டேஷனை மூடிடுவாங்க, சொல்லிட்டேன்."

போன் துண்டிக்கப்பட்டது. அவளுக்கு டப்பாவைத் தூக்கிப் பாறையில் அடிக்கலாம் போலிருந்தது.

தாபோட் உட்கார்ந்திருப்பது மலைக்கு அந்தப் பக்கம். கடலிலிருந்து வருகிற காற்று ஃபாக்கோ மலையில் வந்து முட்டி, சுமந்து வந்த அத்தனையையும் இந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு அந்தப் பக்கம் போகும். அவர் சன்னலில் வெயில் அடிக்கும். வெயிலைப் பார்த்துக்கொண்டே, ஒரே நாளில் எப்படி நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் பெய்யும், அளக்கத் தெரியவில்லையா, வீட்டிலிருந்தே எழுதினாயா என்று கேட்பார். ஏழு வருஷமாக ஒரு நாள் தவறாமல், வழுக்கும் எரிமலைக் கல்லில் முக்கால் மணி நேரம் ஏறி அளந்து சொல்கிறவளைப் பார்த்து.

அந்த எரிச்சலில்தான் செவ்வாய்க்கிழமை அவள் அதைச் செய்தாள். டப்பாவில் இருந்த ஐந்து லிட்டர் சொச்சம் மழையை அப்படியே கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்துவிடுவதென்று முடிவெடுத்து, கீழே இறங்கி, மூன்று ஒன்றரை லிட்டர் பாட்டில்களோடு திரும்ப ஏறினாள். அளவுக் குழாயில் ஊற்றி ஊற்றி நிரப்பினாள். ஒரு பாட்டிலுக்கு நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர் பிடித்தது. மூன்று பாட்டில் போக மிஞ்சியதைப் புல்லில் கொட்டினாள். மூடியைத் திருகும்போது ஒரு கணம் கை நின்றது என்னவோ உண்மைதான். மலையில் எது கிடைத்தாலும் அங்கேயே தின்னலாம், குடிக்கலாம். மடியில் கட்டிக் கீழே கொண்டுவரக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். வேட்டைக்குப் போகிறவன்கூட அங்கே பழுத்த வாழைத்தாரில் ஒரு பழத்தை மிச்சம் வைத்துக்கொண்டு இறங்க மாட்டான். ஆனால் அது பழத்துக்கும் கரும்புக்கும் சொன்னது. மழைக்கு யார் சொன்னார்கள்? மழைதான் தானே கீழே வருகிறதே.

இரண்டு பாட்டிலை ஷேர் டாக்சியில் மலையைச் சுற்றிக் கொண்டுபோனாள். மூன்றாவதை, அவர் தொலைத்துவிட்டால் இருக்கட்டும் என்று வீட்டு அலமாரியில் வைத்தாள். தாபோட் சிரித்தார். "தண்ணியைக் கொண்டாந்து மழைன்னு சொன்னா ஆச்சா? குழாயில பிடிச்சதா இருக்கும்" என்று சொல்லிப் பாட்டில்களைச் சன்னலோரம் வைத்தார். போக வர ஆயிரத்து இருநூறு பிராங்க் தண்டம்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மூன்றாவது பாட்டில் காலியாக மேசைமேல் கிடந்தது. இகோமே இலையில் வைத்து அவித்த சேப்பங்கிழங்குக் குவாக்கோக்கோவைப் பாமெண்ணெய்க் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். பைக் டாக்சி ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன்.

"அதை ஏன் குடிச்ச?"

"தாகமா இருந்துச்சு."

"அது சாட்சிடா."

"உன் சாட்சி நல்லா ஜில்லுனு இருந்துச்சு, மழை மேடம். கோர்ட்ல கேட்டா என் வயித்தைக் காட்டு."

"மேலேருந்து கொண்டாந்தது அது."

"பழத்துக்குத்தான் அந்தச் சட்டம். மலைக்கென்ன, தண்ணிக்கா பஞ்சம்?" என்றான். அவள் நினைத்ததையே அவனும் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு புதன்கிழமை மத்தியானத்தோடு போயிற்று. அவன் லிம்பே சாலையிலிருந்து கொட்டும் மழையில் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து, முற்றத்தில் நிறுத்திவிட்டு, வாசலில் வந்து நின்றான். பைக் சொட்டியது. பின்னால் உட்கார்ந்து வந்த ஆள் ஊறிப்போயிருந்தான். இகோமேயின் சட்டையில் காலையில் அவள் தேய்த்துக்கொடுத்த மடிப்புகூடக் கலையவில்லை.

"பாத்தியா, எனக்கு மட்டும் குடை பிடிக்குது" என்றான் சிரித்துக்கொண்டே. அவள் அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்து, சூடாக இருந்தது. அந்தக் கல் வாசனை அடித்தது.

அன்று ராத்திரி அவன் ஒரு குடம் தண்ணீரைக் குடித்தான். வியாழக்கிழமையும் மழைமானி சைபர். தாபோட் போனில் கத்தினார். வியாழக்கிழமை ராத்திரி அவன் இரண்டு குடம் குடித்தான். அவ்வளவு குடித்தும் ஒருதரம்கூடக் கொல்லைப்பக்கம் போகவில்லை என்பதை அவள் படுத்தபடியே கவனித்தாள். அவன் உதடு வெடித்திருந்தது. பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மன்றாடினாள். "தாகத்துக்கு யாராவது ஊசி போடுவாங்களா?" என்றான் அவன். பிறகு குடத்தைச் சாய்த்து அடியில் மிஞ்சியதையும் குடித்தான்.

வெள்ளிக்கிழமை டப்பாவில் தண்ணீர் இருந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது, ஏதோ கோளாறு, போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குழாயில் அளந்தாள். இருநூற்று முப்பத்தாறு. திரும்ப அளந்தாள். இருநூற்று முப்பத்தாறேதான். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. சன்னலோரம் வெயிலில் வைத்த பாட்டில் தண்ணீரின் பிளாஸ்டிக் வாசனை அதில் வந்தது.

இரண்டு நூற்றுப் பதினெட்டு.

அவள் போன் செய்யவில்லை. நேராக டாக்சி பிடித்தாள். டாக்சிக்காரன் ஐந்தாவது ஆள் கிடைக்காமல் எடுக்க மாட்டேன் என்று முக்கால் மணி நேரம் நிறுத்தினான். நான் ரெண்டு பேர் காசு தரேன் எடுப்பா என்றாள். ரெண்டு பேர் காசு சரி, இடம் காலியா இருக்குதே என்றான். அவனோடு சண்டை போடவும் அவளுக்குத் தெம்பில்லை.

தாபோட்டின் சன்னலோரம் இரண்டு பாட்டில்களும் இருந்தன. மூடி திருகியபடியே இருந்தது. யாரோ வாய் வைத்து உறிஞ்சி எடுத்ததைப் போல இரண்டும் உள்பக்கமாக நசுங்கி ஒட்டிக் கிடந்தன.

"நான் தொடவே இல்ல" என்றார் தாபோட். "காலி பாட்டிலைக் கொண்டாந்து வச்சுட்டு என்னை ஏமாத்தப் பாத்தியா?"

"நீங்கதான் சார் கையில வாங்கி வச்சீங்க. கனமா இருந்துச்சா இல்லையா?"

"கனமெல்லாம் ஃபைல்ல எழுத முடியாது மேடம்."

சொன்னால் இவருக்கு எங்கே புரியப்போகிறது? மலை தன்னுடையதை எடுத்துக்கொண்டது. மூன்றில் இரண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாவது இகோமேக்குள் இருக்கிறது.

திரும்பி வரும் வழி முழுக்க அவள் கணக்கிட்டபடியே வந்தாள். மலையில் கிடைத்ததை மலையில் வைத்துக் குடித்தால் குற்றமில்லை. அப்படியானால் இவனை மேலே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். தண்ணீர் அவனுக்குள் இருந்தாலும் மலையில்தானே இருக்கும். மழைமானிப் பக்கத்திலேயே தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஒரு வாரம், ஒரு மாதம், எவ்வளவு நாளானாலும் உட்கார்ந்துகொள்ளலாம். வேலை போனால் போகட்டும். அவன் இருந்தால் போதும்.

வீடு வந்தபோது மேகம் முற்றம்வரை இறங்கி, சாயங்கால வெளிச்சத்தை முழுங்கியிருந்தது. பாதை தெரியவில்லை. அவன் கட்டிலில் படுத்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"காலைல போலாம்" என்றான். குரல் சருகுபோல இருந்தது. "இப்ப ஏறினா பள்ளத்துலதான் கிடப்போம். காலைல உன்கூட அளக்க வரேன், மழை மேடம்."

அவள் தன் இடுப்புத் துணியை அவன் மணிக்கட்டோடு சேர்த்து முடிந்துகொண்டு படுத்தாள். தூங்கக் கூடாது என்று இருந்தாள். கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது. அதற்கு அடியில், மண்ணுக்கும் கீழே, பெரிய தொண்டை ஒன்று நிதானமாக விழுங்குகிற சத்தம் வந்தது. எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு வரை எண்ணியது நினைவிருக்கிறது.

விழித்தபோது விடிந்திருந்தது. துணியின் முடிச்சு அவிழவில்லை. வளையம் மட்டும் இருந்தது. கை இல்லை. ஒரு மணிக்கட்டு அந்தச் சின்ன வளையத்திலிருந்து வெளியே வர வேண்டுமானால் எவ்வளவு மெலிந்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

வெளியே ஓடினாள். செருப்பு இல்லை. ரெயின்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். சேற்றில் அவன் காலடிகள். ஒவ்வொன்றும் வெளிறிய, உலர்ந்த மண். மழை அதன்மேல் விழவில்லை. சுற்றிலும் விழுந்தது. காலடிகள் மேலே போயின.

"இகோமே."

பதில் இல்லை. பின்னால், கீழே, கடல் இரைந்தது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை. கல் வழுக்கியது. விழுந்தாள். முட்டி கிழிந்தது. எழுந்தாள். காலடி, இன்னொரு காலடி. பாதிக்கு மேலே உலர்ந்த மண் மெல்ல ஈரமானது. அப்புறம் சாதாரணக் காலடிகள். உள்ளே மழைத் தண்ணீர் தேங்கிய, எல்லா மனுஷருடையதையும் போன்ற காலடிகள்.

மழைமானிக் கம்பிவேலிக்குள் அவன் நின்றிருந்தான். முதுகு காட்டி. சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. முழங்கையிலிருந்து சொட்டியது.

நனைந்துவிட்டான். அவள் அங்கேயே உட்கார்ந்து விம்மி அழுதாள். நனைந்துவிட்டான். மலை விட்டுவிட்டது.

"பாவி, சொல்லிட்டு வரக்கூடாதா? உயிரே போச்சு எனக்கு."

அவன் திரும்பவில்லை. அவள் எழுந்து வேலிக்குள் போனாள். மணி ஏழாகியிருக்க வேண்டும். ஏழு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்ப் புனலைக் கழற்றியது. டப்பாவைத் தூக்கினாள். தண்ணீர் இருந்தது. குழாயில் ஊற்றினாள். அளந்தாள்.

நூற்றுப் பதினெட்டு.

தண்ணீர் சூடாக இருந்தது. உடம்புச் சூடு. பாமெண்ணெய் வாசனை லேசாக.

டப்பா கையிலிருந்து விழுந்தது. ரெயின்கோட்டுக்குள் போன் அடித்தது. எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று தெரியாது.

"இன்னிக்கு எவ்வளவு?" என்றார் தாபோட்.

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

முகத்தை வானத்துக்குக் காட்டி நின்றிருந்தான். கண் திறந்திருந்தது. மழை கண்ணுக்குள் விழுந்தது. இமைக்கவில்லை. வாய் வட்டமாக, புனலைப் போல, மனுஷ வாய் திறக்காத அளவுக்குத் திறந்திருந்தது.

வாய் நிறையத் தண்ணீர். விளிம்புவரை. ஒவ்வொரு துளி விழும்போதும் அதில் சின்ன வட்டம் பரவி அடங்கியது. வழியவில்லை. நிறைந்தது, கொஞ்சம் இறங்கியது. மறுபடி நிறைந்தது. மறுபடி இறங்கியது, ராத்திரி மண்ணுக்குக் கீழே கேட்ட அதே நிதானமான விழுங்கலில்.

"ஏனாங்கா? நம்பர் சொல்லு."

நிறைந்தது. இறங்கியது.